ஒரே மாத்திரையா, இரண்டு மாத்திரைகளா? சர்க்கரை நோயில் கூட்டு மருந்து குறித்து ஓர் அலசல்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மட்டும் போதாது என்ற கட்டம் வந்தபோது, கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலை, இரவு என இரு வேளைக்கும் எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் அதை எடுத்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக அதே இரு மருந்துகளையும் தனித்தனி மாத்திரைகளாக எடுத்து வருகிறேன். இரண்டு முறைகளையும் பழகிப் பார்த்தவன் என்ற அளவில், தனித்தனி மாத்திரைகளே மேல் என்ற பக்கம் நான் சாய்ந்துவிட்டேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே மாத்திரையின் வசதியை விளக்கத் தேவையில்லை. எண்ணிக்கை குறைவு, மறதி குறைவு. ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று குறைந்தாலும் நிம்மதிதான். மாத்திரைகள் குறையக் குறைய மருந்தை விடாமல் எடுக்கும் பழக்கம் கூடுகிறது என்பதும் ஆய்வுகள் காட்டிய உண்மையே. உடல்நிலை சீராக இருக்கும் நாட்களில் இரண்டு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. உடம்பு சரியில்லாத நாளில்தான் அது தெரியும்.

எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. இரவெல்லாம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தவன், காலையில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியாத நிலையிலும், மருந்தை மட்டும் விட்டுவிடக்கூடாது என்ற பிடிவாதத்தில் வழக்கமான மாத்திரையை விழுங்கிவிட்டேன். பதினொரு மணிவாக்கில் உள்ளங்கை வியர்த்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் நடுங்கின. குளுக்கோமீட்டர் 58 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 81 இருந்தது. அதோடு முடிந்துவிடவில்லை. கிளிமிபிரைடு நாள் முழுவதும் வேலை செய்யும் மருந்து என்பதால் பிற்பகலில் மீண்டும் சர்க்கரை இறங்கியது. இரவு வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

பிறகு என் மருத்துவர் விளக்கியபோதுதான், ஒரே மாத்திரைக்குள் இருந்த இரண்டு மருந்துகளும் இரண்டு வேறு காரணங்களுக்காக அன்று ஆபத்தாக இருந்தன என்பது புரிந்தது. கிளிமிபிரைடு, சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும்; ஆகவே உணவு உள்ளே போகாத நாளில் அது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். மெட்ஃபார்மின் தனியாக எடுக்கும்போது பெரும்பாலும் அப்படி இறக்குவதில்லை. ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் தற்காலிகமாகத் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கத் தொடங்கும். அரிதாக, உயிருக்கே ஆபத்தான லாக்டிக் அமிலத் தேக்கம் வரை அது கொண்டுபோய்விடலாம். இதற்கு நேர்மாறான நாட்களும் உண்டு. காய்ச்சல் இருக்கிறது, ஆனால் ஓரளவு சாப்பிட முடிகிறது என்றால் நோயின் அழுத்தத்தாலேயே சர்க்கரை ஏறும். அப்போது எல்லாவற்றையும் நிறுத்துவது தவறாகிவிடும். ஆக, எதை விடுவது, எதைத் தொடர்வது என்ற முடிவை மருந்துக்கு மருந்து தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே மாத்திரையில் அதற்கு வழியே இல்லை. ஒன்று, இரண்டையும் விழுங்க வேண்டும். அல்லது இரண்டையும் விட வேண்டும். உடைத்து எடுக்கலாமென்றால், என் மாத்திரையில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையைச் சேர்ந்தது. அந்த வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

அளவை மாற்றுவதிலும் இதே சிக்கல்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எனக்கு 6.4க்கு இறங்கியபோது, கிளிமிபிரைடைக் குறைத்து மெட்ஃபார்மினைச் சற்றுக் கூட்ட வேண்டும் என்று மருத்துவர் விரும்பினார். தனித்தனியாக இருந்ததால் ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்ற முடிந்தது. சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைப்பதும், 30க்குக் கீழே போனால் நிறுத்துவதும் பொதுவான நடைமுறை. அந்த நிலை வரும்போது கூட்டு மாத்திரைக்காரர் மருந்துச் சீட்டையே புதிதாக எழுதி வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. கூட்டு மாத்திரையின் வணிகப் பெயருக்குள் இரண்டு மருந்துகள் மறைந்திருக்கின்றன. ரத்தநாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்கு முன் 'மெட்ஃபார்மின் எடுக்கிறீர்களா?' என்று கேட்பார்கள். சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகே தொடர வேண்டும் என்பதற்காகவே அந்தக் கேள்வி. கூட்டு மாத்திரை எடுத்த காலத்தில் என்னிடம் கேட்டிருந்தால் சற்றும் தயங்காமல் 'இல்லை' என்று சொல்லியிருப்பேன். அதேபோல, பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் கிளிமிபிரைடின் வேகத்தைக் கூட்டிவிடும். கிளிமிபிரைடு எடுக்கிறோம் என்று தெரிந்தவர்தான் அதைத் தோல் மருத்துவரிடம் சொல்ல முடியும்.

தனித்தனி மாத்திரைகளிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மாறிய முதல் வாரத்தில், மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த பழைய கூட்டு மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, புதிய இரண்டோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். கிளிமிபிரைடு இரு மடங்கு உள்ளே போய்விட்டது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரை வாசித்துப் பார்க்கும் பழக்கம் அன்றுதான் வந்தது. தனியே வசிக்கும் முதியவர்களுக்கும், நினைவாற்றல் தளர்ந்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் பெரிதாகவே இருக்கும் என்பதால், அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

இரண்டாவது மருந்து எது என்பதைப் பொறுத்தும் என் சாய்வு மாறும். சிட்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்றவை சர்க்கரை உயரும்போதுதான் இன்சுலினைத் தூண்டுகின்றன. மெட்ஃபார்மினோடு மட்டும் சேரும்போது தாழ்சர்க்கரைக்கான வாய்ப்பு குறைவு. அந்தச் சேர்க்கையாக இருந்திருந்தால், நான் ஒருவேளை ஒரே மாத்திரையிலேயே நின்றிருப்பேன். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை நான் எடுத்ததில்லை என்பதால் அனுபவமாகச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு மூன்று நாட்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள். சாப்பிட முடியாத நாளில் தொடர்ந்தால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் என்ற அமிலங்கள் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குத் தேங்கிவிடக்கூடும். இவற்றையும் மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையாக வாங்கும் முன் இரண்டு முறை யோசிப்பேன்.

இப்போது என் மாத்திரைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறது: வாந்தி, பேதி என்றால் நீளமான மாத்திரை (மெட்ஃபார்மின்) வேண்டாம், சாப்பிடவில்லை என்றால் சிறிய மாத்திரை (கிளிமிபிரைடு) வேண்டாம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கவும், 24 மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் அழைக்கவும். கீழே அவருடைய தொலைபேசி எண்.