உடல் சூடா, வெயிலா? மட்டக்களப்பில் மின் அறுவடை

வட்டையில் (வயல்வெளியில்) வேலை செய்பவர்களின் தோல் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருக்கால் அளந்து, இடைக்கிடை புளூடூத்தில் போனுக்கு அனுப்பும் மேல்கைப் பட்டி ஒன்று செய்தோம். அதற்கு மின் எங்கிருந்து எடுப்பது என்று யோசித்ததில் நான் சோலார் பக்கம் சாய்ந்தவன். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக வாசிக்க வேண்டாம்.

அசைவில் மின் எடுக்கும் பீசோ தகட்டில் அதிகம் மினக்கெடவில்லை. மோட்டர்போல வேகமாக அதிரும் பொருளுக்கு அது பொருந்தும். நடக்கும்போது கை ஆடுவது செக்கனுக்கு ஓரிரு தடவைதான்.

உண்மையான போட்டி உடல் சூட்டோடுதான். அது இராப்பகல் கிடைக்கும். 1998இலேயே சீக்கோ தன் 'தேர்மிக்' கைக்கடிகாரத்தை உடல் சூட்டில் ஓட்டிக் காட்டியது. ஆனால் சூட்டை மின்னாக்கும் வெப்பமின் தகட்டுக்குக் கணக்கு, இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள சூட்டு வித்தியாசம். தோல் 33 பாகை, அறை 22 பாகை என்றால் 11 பாகை கிடைக்கும். இங்கே பகலில் காற்றே 31, 32. மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. வலு அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தோடு போவதால், 11 இருந்த இடத்தில் 1 என்றால் 121இல் ஒரு பங்குதான். அதிலும் பெரும்பகுதி தோலிலும் வெளிக் காற்றுப் படையிலும் போய்விடும். இத்தகைய சிறு மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் எல்டிசி3108 சில்லு 20 மில்லிவோல்ற்றில் எழும்பும். அந்த இருபதுக்கே திண்டாட்டம். சூடான கச்சான் காற்று வீசும் நாளில் இன்னொரு கூத்து: காற்று தோலைவிடச் சூடாகி நேர், மறை முனை மாறிவிடும். அதற்கு இரு திசையும் ஏற்கும் எல்டிசி3109 சில்லு வேண்டும். குளிர்விக்கும் அலுமினியத் துண்டைப் பெரிதாக்கலாம்தான், நாற்று நடும் கையில் அதை யார் சுமப்பது? ஏசி வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு இதே தகடு சரிவரக்கூடும். அங்கே நான் கட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் பட்டிக்குச் சராசரி 30 மைக்ரோவாட் போதும், நாளொன்றுக்கு 2.6 யூல். நேர் வெயிலில் நாலு சதுர சென்ரிமீற்றர் பனல் 60 மில்லிவாட் வரை தரும். நட்டம் போக, ஓரிரு நிமிடத்தில் அன்றைய பாடு முடிந்தது. மாரி மப்பிலும் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தால் அரை மணித்தியாலம் தாராளம். சிக்கல் வீட்டுக்குள்தான்: குழல் விளக்கில் 40 மைக்ரோவாட் கிடைத்தாலே பெரிது. ஆகவே மின்னைச் சேமித்து வைக்க 1 பரட் சுப்பர் கப்பாசிட்டர். 4.5 வோல்ற்றிலிருந்து 3க்கு இறங்க 5.6 யூல், ஏறத்தாழ இரண்டு நாள்.

சோலாரின் பெரிய எதிரி சட்டைக் கைதான். வயலில் முழுக்கைச் சட்டை, காத்தான்குடிப் பக்கம் அபாயா. பட்டியைத் துணிக்கு மேலே கட்டி, சென்சரை மட்டும் உள்ளே நீட்ட வேண்டி வந்தது. வயர் மடியும் இடத்தில் சிலிக்கோன் பூசாவிட்டால் அறும். சேறு படிந்தால் துடைக்கவும் வேண்டும்.

இவ்வளவுக்கும் ஒரு சிஆர்2032 பட்டன் பற்றரி போதாதா என்று கேட்டால், வெப்பநிலை மட்டும் என்றால் போதும். 10 மைக்ரோ அம்பியருக்கு அது கணக்கில் இரண்டு வருசம் தாண்டும். நாடி பார்க்கும் எல்ஈடி சேர்ந்து சராசரி 100ஐத் தொட்டால் மூன்று மாதம்தான். பிறகு ஒவ்வொரு தடவையும் தண்ணி புகாமல் ஒட்டிய மூடியைக் கிழித்துத் திறக்க வேண்டும். சோலாருக்கு அதே மாற்றம் இன்னும் சில நிமிட வெயில், இரவுக்கு 5 பரட் கப்பாசிட்டர்.