பனிக்காலத்தில் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்: அதையே ஓட்டுவதா, மாற்றுவதா, மூடி வைப்பதா?

நவம்பர் பிறந்ததும் அலுவலகத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்த வண்டியை வச்சுக்கிட்டு வின்டர்ல என்ன பண்ணுவீங்க?" என்னுடையது 2017 டொயோட்டா 86. இன்ஜின் முன்னால், விசை பின்சக்கரங்களுக்கு மட்டும், ஆறு கியர் மேனுவல், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளி. ஸ்கார்பரோவிலிருந்து மிஸ்ஸிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலை வழியாகத் தினமும் போய்வருகிறேன். அப்படியே ஐந்து குளிர்காலம் ஓடிவிட்டது.

இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு டொராண்டோவில் மூன்று வழிகள் உண்டு. நல்ல வின்டர் டயர் மாட்டி அதையே ஓட்டுவது முதல் வழி. விற்றுவிட்டு சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், ஜிஆர் கொரோலா மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மாறுவது இரண்டாவது. ஸ்போர்ட்ஸ் காரைப் போர்வை போட்டு மூடிவிட்டு, ஏப்ரல் வரை ஒரு பழைய கொரோலாவையோ சிவிக்கையோ ஓட்டுவது மூன்றாவது. முதல் வழியில் நான் இருக்கிறேன். இரண்டாவதில் என் மைத்துனன், மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரர். ஆகவே மூன்றையும் கிட்டத்தில் பார்க்க முடிந்தது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனி தள்ளும் வண்டி நேரத்துக்கு வந்துபோகும் நகரச் சாலைதான் உங்கள் பாதை என்றால் முதல் வழியே போதும். ஆனால் அது டயருக்கு உண்மையாகச் செலவழிப்பவருக்கு மட்டும்.

டயர்

86 கடையிலிருந்து வரும்போது கோடைகால டயரோடு வருகிறது. அந்த ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். கடுங்குளிரில் விரிசல்கூட விடலாம். பனி விழாத காய்ந்த சாலையிலேயே பிடிப்பு குறைந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நானும் முதல் வருடம் கவனிக்கவில்லை. நவம்பர் நடுவில் ஒரு மாலை, இரண்டு சென்டிமீட்டர் பனிகூட இல்லை. ஹைலண்ட் கிரீக் பள்ளத்திலிருந்து ஓல்ட் கிங்ஸ்டன் சாலை வளைந்து மேலேறும் இடத்தில் முன்னால் போன பஸ் நின்றது, நானும் நின்றேன். பிறகு கிளம்ப முடியவில்லை. கிளட்சை எவ்வளவு மெதுவாக விட்டாலும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல மெல்ல நடைபாதையை நோக்கி வழுக்கியது. மீட்டர் பக்கத்தில் அந்த மஞ்சள் சறுக்கல் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த இருவர் இறங்கித் தள்ளிவிட்டார்கள்.

மறுவாரமே 16 அங்குல எஃகு ரிம்மில் 205/55 அளவில் வின்டர் டயர் மாட்டினேன். ஜனவரியில் ஒரு பின்னிரவு, சாலையில் யாருமில்லாத நேரம், அன்றைக்கு இருந்ததைவிட அதிகப் பனி. அதே வளைவில் நின்று கிளம்பிப் பார்த்தேன். இரண்டாவது கியரில், பின்னால் ஒரு சின்ன உதறல், அவ்வளவுதான், ஏறிவிட்டது.

கணக்குப் போட்டாலும் இதேதான் வருகிறது. 86இன் எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் பின்சக்கரங்கள் மேல் இருக்கிறது. இறுகிய பனியில் சுமாரான டயரின் பிடிப்பு 0.2 என்று வைத்துக்கொள்வோம், அதாவது டயர் மேல் இருக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசையைத்தான் அது சாலையில் போடமுடியும். நின்ற இடத்திலிருந்து அந்த வண்டி ஏறக்கூடிய ஏற்றம், 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரத்தைத் தொடாது. முன்சக்கரங்கள் மேல் 60 சதவீத எடை உட்கார்ந்திருக்கும் கொரோலா அதே டயரில் 11, 12 மீட்டர் வரை போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி 20. சரி, இப்போது 86க்கு மட்டும் 0.3 பிடிப்புள்ள டயர் போடுங்கள்: ஏறத்தாழ 15 வந்துவிடுகிறது, சுமாரான டயரில் நிற்கும் கொரோலாவைத் தாண்டியாயிற்று. இதே கணக்கில் போர்ஷே 911 இன்னும் நன்றாகத் தேறும். இன்ஜின் பின்னாலேயே இருப்பதால் அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்கள் மேல்தான். எல்லாப் பின்சக்கர வண்டியும் பனியில் ஒரே மாதிரி என்று பேசுவது அதனால்தான் சரியில்லை.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துக் கொடுக்கும் குறி. 'எம் ப்ளஸ் எஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் அப்படி ஒரு சோதனை கிடையாது. அப்புறம், அகலம் வேண்டாம். ஒரு அளவு ஒல்லியான டயர் சகதிப் பனியைக் கிழித்துக்கொண்டு போகும்.

நிற்பது

மைத்துனனுக்கு டபிள்யூஆர்எக்ஸ். வாங்கிய வருடம் ஆல் சீசன் டயரோடு ஓட்டினான். "நாலு சக்கரமும் இழுக்குது மாமா, எதுக்குத் தனியா டயர்?" என்பான். சிக்னலில் பச்சை விழுந்தால் அவன் போய்க்கொண்டே இருப்பான். நான் பின்னால் மெதுவாக வருவேன். அதில் எனக்குச் சண்டையே இல்லை. புறப்படுவதில் நான்கு சக்கர வண்டியை என் வண்டி எட்டவே முடியாது.

பிரேக் வேறு கதை. எந்த வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது, இழுப்பது எந்தச் சக்கரமாக இருந்தாலும். ஒரு பிப்ரவரி ஞாயிறு காலை, அவன் வேலை பார்க்கும் கிடங்கின் வாகன நிறுத்துமிடத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு வண்டியையும் சோதித்தோம். இறுகிய பனி, ஒரே தடம், 40 கிலோமீட்டர் வேகம், ஆரஞ்சு கூம்பைத் தொட்டதும் முழு பிரேக். மும்மூன்று தடவை செய்து காலடியால் அளந்தோம். என் 86 முப்பது காலடிக்குள் நின்றது. அவன் வண்டி நாற்பதைத் தாண்டித்தான் நின்றது. அவன் குனிந்து தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "மூணாவது தடவை நான் லேட்டா மிதிச்சேனா மாமா?" என்றான். மிதித்த இடம் சரியாகத்தான் இருந்தது, பனியில் தடம் பதிந்திருந்தது.

50 கிலோமீட்டர் வேகத்தில் பிடிப்பு 0.3 என்றால் நிற்க 33 மீட்டர். 0.2 என்றால் 49. அந்த 16 மீட்டருக்குள் ஒரு பாதசாரிக் கடவையே அடங்கிவிடும்.

இதற்குப் பிறகு அவனும் வின்டர் டயர் மாட்டிவிட்டான். அப்படி மாட்டிய நான்கு சக்கர வண்டி, பனியை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்று வழிகளிலும் மேலானது. அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம் என்பதால் அங்கே எல்லோரும் அந்த நிலையிலிருந்துதான் ஒப்பிட வேண்டும். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் வின்டர் டயர் போட்டவருக்குக் காப்பீட்டில் தள்ளுபடி தந்தே ஆகவேண்டும் என்ற விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வளைவது, உணர்வது

என்னைப் பின்சக்கர வண்டியோடு கட்டிப்போட்டிருப்பது இதுதான். முன்சக்கர வண்டியில் அதே இரண்டு டயர்தான் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். பனியில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். 86இல் முன்டயருக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். அதனால் முன்பக்கம் சொன்னபடி கேட்கிறது. வழுக்கினால் பின்பக்கம் வழுக்கும், அது இடுப்புக்கு முதலில் தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சாலை எப்படி என்று வண்டி சொல்லிவிடுகிறது. நான்கு சக்கர வண்டி இதைச் சொல்வதில்லை. அது சுலபமாகக் கிளம்பிவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்கல் என்பது முதல் பிரேக்கில்தான் தெரியவரும்.

இதற்கு விலை உண்டு. வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடலாம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுப் பாதையில் கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டாலும் அதேதான். இன்ஜினின் இழுவை முழுவதும் பின்டயர் மேல் விழுகிறது, பனியில் அது பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்ட மாதிரி. நான் அந்த இடத்துக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துவிடுவேன். கனடாவில் 2011 செப்டம்பரிலிருந்து தயாராகும் புது கார் எல்லாவற்றிலும் சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு கட்டாயம். அது என்னை இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறது. அதற்கு முந்தைய பின்சக்கர வண்டியை, அனுபவமில்லாதவர் குளிர்காலத்தில் தினமும் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒரே ஒரு தருணத்தில் மட்டும் சறுக்கல் தடுப்பை அணைக்கலாம்: வண்டி பனியில் மாட்டிக்கொண்டு நகராதபோது. அது இன்ஜின் விசையை வெட்டிக்கொண்டே இருப்பதால் வெளியே வரவிடாது. டிக்கியில் மணல் மூட்டை வைக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அச்சுக்குப் பின்னால் கனம் கூடினால், பின்பக்கம் சுழலத் தொடங்கும்போது நிறுத்துவது கடினம். நான் ஒரு சின்ன மண்வெட்டியும், சக்கரத்தடியில் தூவ ஒரு பை மணலும் மட்டும் வைத்திருக்கிறேன்.

என் வழி தோற்கும் இடங்கள்

முதலில் ஆழம். பனி தள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்போது வீட்டு வாசலில் ஒரு வரப்பு விட்டுப்போகும். மைத்துனன் அதன் மேல் ஏறிப் போய்விடுவான். நான் மண்வெட்டியோடு இறங்க வேண்டும். அரைச் சாணுக்கு மேல் பனி இருந்தால் வண்டியின் வயிறு பனி மேல் உட்கார்ந்து, சக்கரம் காற்றில் சுற்றும். அங்கே எந்த டயரும் உதவாது. 2022 ஜனவரி 17 பனிப்புயலில் கார்டினர் எக்ஸ்பிரஸ்வேயையும் டான் வேலி பார்க்வேயையும் மூடினார்கள். அன்று நான் வண்டியைத் தொடவே இல்லை. வருடத்துக்கு இப்படி நான்கைந்து நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கு, விடியற்காலை ஷிஃப்ட் போகிறவருக்கு, அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு நான் 86ஐச் சொல்லமாட்டேன்.

அடுத்தது பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, எனக்கு உண்மையில் வலிக்கும் இடம். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5களைப் பாருங்கள், கதவுக்குக் கீழே இருக்கும் பக்கவாட்டுத் தகடு துருவில் கரைந்திருக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்பு எண்ணெய் அடிக்கிறேன், பனி உருகும் நாட்களில் அடியைக் கழுவுகிறேன். அப்படியும் போன வசந்தத்தில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது பின்பக்க இரும்புச் சட்டத்தின் இணைப்பில் நகக்கண் அளவு பழுப்பு. இரும்புத் தூரிகையால் தேய்த்து மறுபடி அடித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் வழிக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது. அவரிடம் ஹோண்டா எஸ்2000 இருக்கிறது. 2009இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. உப்பில் அரித்தால் மாற்று கிடையாது. நவம்பரில் டேங்கை நிரப்பி, பேட்டரிக்கு மெல்லிய சார்ஜர் போட்டு, காப்பீட்டை நிறுத்திவைத்த வண்டிக்கானதாகக் குறைத்துவிடுகிறார். பழைய கொரோலா உப்பைச் சுமக்கிறது. ஆனால் இரண்டு வண்டிக்கும் இடம் வேண்டும், இரண்டையும் பராமரிக்க வேண்டும். ஸ்கார்பரோ, பிராம்ப்டன் பக்கம் காப்பீட்டுக் கட்டணம் வேறு அதிகம். இன்றும் கிடைக்கிற, ஓட்டுவதற்கென்றே வாங்கிய 86க்கு அவ்வளவும் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எஸ்2000 என்னிடம் இருந்தால் நானும் மூடித்தான் வைப்பேன்.

பணத்தில், ரிம்மோடு ஒரு செட் டயருக்கு எனக்கு 1,300 டாலர் ஆயிற்று. ஐந்து குளிர்காலத்துக்கு அது தாங்கியிருக்கிறது, கோடை டயரின் தேய்மானமும் அந்த மாதங்களில் மிச்சம். இப்போது வின்டர் டயரின் வரிப்பள்ளம் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே போனால் பனிப் பிடிப்பு வேகமாகக் குறையும் என்பதால் வரும் அக்டோபரில் புது செட். மைத்துனனும் என்னோடு டயர் கடைக்கு வருகிறான்.