டேலி வைத்திருக்கிறீர்கள், பிஆர்எஸ் போடுகிறீர்களா?

கரூரில் சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒன்று நூல் கடை. இன்னொன்று டேபிள் கிளாத், நாப்கின் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு ஹார்டுவேர் கடையும் உண்டு. தொழில் வேறு வேறாக இருந்தாலும் எல்லா மேஜையிலும் இருப்பது டேலிபிரைம் என்ற கணக்கு மென்பொருள்தான். அதில் பில் போடுகிறார்கள், மாதம் பிறந்தால் ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை எடுக்கிறார்கள், அதோடு மூடிவிடுகிறார்கள். முகப்பிலேயே 'பேங்கிங்' என்று ஒரு மெனு இருக்கிறது. வாங்கி வருடக்கணக்காகியும் அதைத் திறக்காத கடைகள் இந்த ஊரில் ஏராளம். இந்த மதிப்புரை அந்த ஒரு மெனுவையும், அதில் போடும் பிஆர்எஸ் என்ற பேங்க் கணக்குச் சரிபார்ப்பையும் பற்றியது. கொடுத்த காசுக்கு மேல் இந்த மென்பொருள் வேலை செய்வது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

டேலி பிறந்ததே நம் போன்ற தொழிலுக்காகத்தான். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் துணி மில்களுக்கும் ஆலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் வியாபாரத்துக்குப் பொருந்துகிற கணக்கு மென்பொருள் எதுவும் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-ல் இருவரும் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்கள். 2009-ல் டேலி இஆர்பி 9, 2020-ல் டேலிபிரைம் என்று பெயர் மாறி வந்திருக்கிறது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்4 காண்ட்ரா என்று விரல் பழகியவர்களுக்கு இந்தப் பெயர் மாற்றங்களால் எந்தச் சிரமமும் வரவில்லை.

பிஆர்எஸ் என்பது பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட். நம் புத்தகத்தில் பேங்க் இருப்பு என்று ஒரு தொகை இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்டில் வேறொரு தொகை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு ரூபாயாகக் காரணம் சொல்லி அடைப்பதுதான் வேலை. ஓர் உதாரணம் சொல்கிறேன். டேலியில் இருப்பு 4,86,200 ரூபாய். ஸ்டேட்மென்டில் 5,43,610. வித்தியாசம் 57,410. முதலாளி இதைப் பார்த்தால் "அம்மணி, அரை லட்சத்துக்கு மேல கூட இருக்குதே" என்று சந்தோஷப்படுவார். உள்ளே போய்ப் பார்த்தால், சாயப்பட்டறைக்குக் கொடுத்த 52,000 ரூபாய் செக்கை அவர்கள் இன்னும் போடவில்லை. நாம் போட்ட 18,000 ரூபாய் செக் இன்னும் வரவாகவில்லை. இந்த இரண்டும் தானாகச் சரியாகிவிடும். மீதி இரண்டு அப்படியில்லை. ஏதோ ஒரு பார்ட்டி சொல்லாமல் கொள்ளாமல் நெஃப்டில் 24,000 அனுப்பியிருக்கிறார், நம்மிடம் என்ட்ரி இல்லை. பேங்க் தன் கட்டணமாக 590 எடுத்திருக்கிறது, அதற்கும் என்ட்ரி இல்லை. இவை இரண்டையும் போட்டதும் நம் இருப்பு 5,09,610 ஆகும். மிச்சமுள்ள வித்தியாசம் 34,000. அது அந்த இரண்டு செக்குகளின் கணக்கு. முடிந்தது.

டேலியில் இதைச் செய்வது எளிது. பேங்க் ரீகன்சிலியேஷனைத் திறந்து பேங்க் லெட்ஜரைத் தேர்ந்தெடுத்தால் என்ட்ரிகள் வரிசையாக வரும், ஓரத்தில் 'பேங்க் டேட்' என்று ஒரு நெடுவரிசை இருக்கும். ஸ்டேட்மென்டில் எந்தத் தேதியில் பாஸ் ஆகியிருக்கிறதோ அந்தத் தேதியைப் போட வேண்டும். தேதி விழுந்த வரி ஒத்துப்போனது, வெற்றாக இருப்பது நிலுவை. கீழே நம் புத்தக இருப்பு, பேங்கில் வராத தொகைகள், பேங்க் இருப்பு என்று வந்துகொண்டே இருக்கும். கடைசி வரி ஸ்டேட்மென்டோடு பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். நோட்டில் கோடு போட்டுப் பென்சிலால் டிக் அடித்துச் செய்த காலத்தில் இதற்கு ஒரு முழு நாள் போகும். இப்போது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

அந்த 590 ரூபாயைச் சின்ன விஷயம் என்று விடக் கூடாது. 500 கட்டணம், 90 ஜிஎஸ்டி. பேங்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து வைத்திருந்தால் அந்த 90 ரூபாய் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற உங்கள் கொள்முதல் வரிப் பட்டியலில் வரும், இன்புட் எடுத்துக்கொள்ளலாம், அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பிஆர்எஸ் போடாதவர்கள் கட்டணங்களை வருடக் கடைசியில் மொத்தமாக ஒரே வரியில் 'பேங்க் சார்ஜஸ்' என்று எழுதுகிறார்கள். அதற்குள் அடங்கிய வரி அவர்களுடைய பணம். கேட்காமல் விட்டால் போனது போனதுதான்.

பேங்க் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கம்ப்யூட்டர் வந்ததால்தான் நமக்கு இது முடிகிறது. பேங்குகளில் கம்ப்யூட்டர் கொண்டுவர ரங்கராஜன் கமிட்டி 1984-ல் அறிக்கை கொடுத்தது. பிறகு கிளைக்குக் கிளை தனித்தனியாக இருந்த பேரேடுகள் கோர் பேங்கிங் வந்ததும் ஒரே இடத்துக்குப் போயின. சேமிப்புக் கணக்கு வட்டியைப் பாருங்கள். முன்பெல்லாம் 10-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 9-ம் தேதி போட்டு 25-ம் தேதி எடுத்தால் ஒன்றும் கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிட ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கையால் எழுதும் பேரேட்டில் அத்தனை கணக்குக்கும் தினமும் அப்படிப் பார்ப்பது எந்தக் கிளார்க்காலும் ஆகாது. 2019 டிசம்பரில் நெஃப்ட் 24 மணி நேரமும் என்றானது, 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை இரவிலும் பணம் வருகிறது. வருகிற வேகத்துக்கு நம் புத்தகமும் ஓட வேண்டும்.

சிசி அக்கவுன்ட் (கேஷ் கிரெடிட், சரக்கையும் பாக்கியையும் ஈடாக வைத்து எடுக்கும் பேங்க் கடன்) வைத்திருப்பவர்களுக்கு பிஆர்எஸ் இல்லாவிட்டால் நேரடியாகவே நஷ்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கரூரில் நூல் கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் சிசியில்தான் ஓடுகிறார். முதலில் டேலியில் அந்தக் கணக்குக்கான லெட்ஜரைத் திறக்கும்போதே 'பேங்க் ஓசிசி' குரூப்பில் போட வேண்டும். 'பேங்க் அக்கவுன்ட்ஸ்' என்று போட்டுவிட்டால் வாங்கிய கடன் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் மைனஸாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தது மாதாமாதம் பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது சரக்கு, பாக்கிக் கணக்கு. சரக்கு 30 லட்சம், அதில் கடனுக்கு வாங்கியது 10 லட்சம் என்றால் நம் சரக்கு 20 லட்சம். பேங்க் தன் பாதுகாப்புக்காகக் கழிக்கும் 25 சதவீதம் மார்ஜின் போக 15 லட்சம். வர வேண்டிய பாக்கியிலும் மார்ஜின் கழிப்பார்கள், பெரும்பாலும் 90 நாளைத் தாண்டிய பாக்கியைச் சேர்க்கவே மாட்டார்கள். இப்படி வருவதுதான் டிராயிங் பவர். லிமிட் எவ்வளவு இருந்தாலும் இதற்குள்தான் எடுக்க முடியும்.

அந்த 24,000 ரூபாய் இங்கேதான் திரும்பி வந்து கடிக்கும். பார்ட்டி பணம் அனுப்பிவிட்டார், நாம் என்ட்ரி போடவில்லை. அவர் பாக்கி புத்தகத்தில் அப்படியே நின்று, 90 நாளைத் தாண்டியதாகக் காட்டும். என்ட்ரி போட்டாலும் எந்த பில்லுக்கு வந்த பணம் என்று 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' காட்டாமல் 'ஆன் அக்கவுன்ட்' என்று தள்ளிவிட்டால் பழைய பில் திறந்தபடியே இருக்கும், எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் ஏஜிங் ரிப்போர்ட் பொய் சொல்லும். கொடுத்து முடித்தவரிடம் போன் போட்டுப் பாக்கி கேட்கிற அவமானம் ஒரு பக்கம், தப்பான ஸ்டேட்மென்டில் கையெழுத்துப் போட்டுப் பேங்கில் கொடுப்பது இன்னொரு பக்கம். பேங்கிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பதே இந்த ஏஜிங்கைத்தான்.

செக் ரிட்டர்ன் ஆனால் பழைய ரிசீட்டை அழித்துவிடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. தயவுசெய்து அழிக்காதீர்கள். ரிட்டர்ன் ஆன தேதியில் எதிர் என்ட்ரி போடுங்கள், இரண்டு வரிக்கும் பேங்க் டேட் கொடுங்கள். ரிட்டர்ன் ஆன தகவல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் செக் வழக்குப் போட முடியும். அந்தத் தேதிக்குப் புத்தகத்தில் தடயம் இருக்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் எடிட் லாக் இருக்கும் பதிப்பையே பரிந்துரைக்கிறேன். யார், எப்போது, எந்த வவுச்சரை (பதிந்த என்ட்ரியை) மாற்றினார் என்பது அதில் பதிந்துவிடும், அணைக்க முடியாது. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இது சட்டப்படி கட்டாயம். தனி உரிமையாளர்களுக்குக் கட்டாயமில்லை என்றாலும், கணக்கெழுதும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிற கடைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

ஸ்டேட்மென்டை ஃபைலாக டவுன்லோடு செய்து உள்ளே இழுத்துத் தானாகப் பொருத்துகிற வசதி முன்பே உண்டு. 2025-ல் வந்த 6.0 பதிப்பில் 'கனெக்டட் பேங்கிங்' சேர்ந்திருக்கிறது. இணைப்பு உள்ள பேங்காக இருந்தால் இருப்பையும் ஸ்டேட்மென்டையும் டேலிக்குள்ளேயே பார்க்கலாம். ஸ்டேட்மென்டில் இருந்து நம்மிடம் இல்லாததற்கு அங்கேயே வவுச்சர் உண்டாக்கிக்கொள்ளலாம். எனக்கு இது நிஜமாகவே பிடித்திருக்கிறது. யூபிஐ வரவு குவிகிற ஹார்டுவேர் கடைக்கு இது பெரிய உதவி. ஆனால் தானாகப் பொருத்தியதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு பேர் 5,000 அனுப்பியிருந்தால் எது யாருடையது என்பது கடையில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். கூலிப் பணம் ஒரே தொகையாக வாராவாரம் போகிற ஜாப் ஒர்க் யூனிட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் பேங்க் தரும் யூடிஆர் எண்ணை என்ட்ரியிலேயே எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் பொருத்தம் சுத்தமாக அமையும்.

இன்னொரு மாற்றமும் பிஆர்எஸ்ஸைத் தொடுகிறது. 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் நாள் முழுக்கத் தொடர்ச்சியாக நடக்கிறது, காலையில் போட்ட செக் அன்றே பாஸ் ஆகலாம். அதனால் 'போட்டோம், இன்னும் வரவில்லை' என்கிற பட்டியல் மிகவும் சுருங்கிவிட்டது. அதில் ஒரு செக் சில நாளாக நின்றால் உடனே கிளையில் கேளுங்கள். 'கொடுத்தோம், போடவில்லை' பட்டியல் வேறு மாதிரி. செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். மார்ச் 31 அன்று கணக்கை அழகாகக் காட்டுவதற்காக எழுதி மேஜை டிராயரில் வைத்த செக்குகள் ஜூன் முடிவில் அந்தப் பட்டியலில் அப்படியே நிற்கும். ஆடிட்டர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

டேலியிடம் எனக்குக் குறைகளும் உண்டு. முன்பு பிஆர்எஸ் போடாமல் விட்ட பல வருடங்களைப் புதிதாக ஒருவர் நேர்செய்ய வந்தால், தொடக்கத்தில் நிலுவையில் இருந்த செக்குகளைப் பதிவது எப்படி, எந்தத் தேதியிலிருந்து ரீகன்சிலியேஷன் தொடங்குகிறது என்று லெட்ஜரில் குறிப்பது எப்படி என்பது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வசதி இருக்கிறது, வழிகாட்டல் போதவில்லை. இணைய வசதிகளுக்கு டிஎஸ்எஸ் (டேலி சாஃப்ட்வேர் சர்வீசஸ்) சந்தாவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதை விற்கும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளி வெளியூரில் இருந்தபடி போனிலேயே எல்லாம் பார்க்க வேண்டும் என்றால், முழுக்க இணையத்திலேயே இயங்கும் மென்பொருள்கள் அவருக்கு இன்னும் வசதிப்படும். ஆனால் கரண்ட் இருந்து நெட் இல்லாத மதியத்திலும் என் வேலை நிற்காமல் ஓடுவது டேலியில்தான்.

விலை, ஒரு கம்ப்யூட்டருக்கான சில்வர் பதிப்பு 22,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஒரே கடை, ஒரே கணக்கர் என்றால் இது போதும். உள்ளே எத்தனை கம்பெனி வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். பி.காம் படிக்கிற பிள்ளைகள் வாங்கவே தேவையில்லை. கல்வி முறையில் இலவசமாக ஓடும், மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும். மேலே சொன்ன 4,86,200 உதாரணத்தை அந்தத் தேதிகளிலேயே போட்டுப் பாருங்கள். இரண்டு செக்கும் 4,86,200-க்குள் ஏற்கெனவே அடங்கியவை என்பதால் தொடக்க இருப்பாக 5,20,200 வையுங்கள், பிறகு நாலு வரிதான். பிஆர்எஸ்ஸின் கடைசி வரியில் பேங்க் இருப்பு 5,43,610-ல் வந்து நிற்க வேண்டும்.