“லினக்ஸ்ல அப்படித்தான் சார்”: பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

“உபுண்டு போட்டு ரெடியா இருக்கு” என்று, அதாவது விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ் போட்டு, விற்கப்படும் செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப் எதையாவது வாங்கும் எண்ணத்தில் இருந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அக்கா மகளுக்காக வாங்கிய மெஷினில் நடந்த கதை இது. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறைய பேர் உண்டு. வருஷக்கணக்காக என் கம்ப்யூட்டர் சாமான் எல்லாமே அங்கே வாங்கியதுதான். அதனால் தெருவின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இந்த லேப்டாப்புகள் ஏன் இப்போது குவிகின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும்; இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை பிராசசரிலிருந்துதான் கணக்கு. ஆறாவது, ஏழாவது தலைமுறை ஐ5 போட்ட ஆபீஸ் லேப்டாப்புகள் நல்ல நிலையில் இருந்தும் காலாவதி ஆகிவிட்டன. கம்பெனிகள் அவற்றை லாட் லாட்டாகத் தள்ளிவிடுகின்றன, கடைக்காரர்கள் லினக்ஸ் போட்டு விற்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஏழாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் பைத்தானும் சி-யும் படிக்கிற முதலாண்டு மாணவிக்குத் தாராளம்.

வாட்ஸ்அப்பில் கடைக்காரர் அனுப்பிய விளம்பரத்தில் “உபுண்டு 24.04, வைஃபை, கேமரா எல்லாம் பக்கா” என்று இருந்தது. விலை 14,500. கடைக்குப் போனோம். கவுன்ட்டரில் சுவரை ஒட்டி லேப்டாப்பை வைத்து, கடைப் பையன் ஆன் செய்தான். வைஃபை பிடித்தது, யூடியூபில் ஒரு பாட்டு ஓடியது. கீபோர்டு, ஸ்பீக்கர், சார்ஜர் எல்லாம் பார்த்தோம். கேமராவைக் கேட்டபோது “சீஸ் ஆப் இன்ஸ்டால் பண்ணணும்ணா, வீட்ல பண்ணிக்கலாம்” என்றான். யுபிஐயில் பணம் போனது. பையன் லேப்டாப்பை உள்ளே எடுத்துப்போய்த் துடைத்து, பபிள் கவரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். பில் கேட்டதற்கு “எஸ்டிமேட்” என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. அதன் அடியில் வழக்கம்போல “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது”.

வீட்டில் திறந்தால் வைஃபை இல்லை. நெட்வொர்க் பட்டியலில் நம் ரூட்டர் பெயர் வராதது வேறு. அங்கே வைஃபை என்ற வரியே இல்லை. “மாமா, இதுல வைஃபைன்னு ஒரு ஐட்டமே காணோம்” என்று அக்கா மகள்தான் முதலில் சொன்னாள். கடைக்கு போன் செய்தேன். ஓனரே எடுத்தார்.

“லினக்ஸ்ல அப்படித்தான் சார். டிரைவர் பிரச்சனை. அது ஃப்ரீ ஓஎஸ் இல்லையா, சில ஹார்ட்வேர் எடுக்காது. கொண்டுவாங்க, விண்டோஸ் போட்டுத் தர்றேன், 1,500 ஆகும்.”

இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்தப் பதில்தான். லினக்ஸ் தெரியாதவர் என்றால் தலையாட்டிவிட்டு 1,500 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடியிருப்பார். ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பிராட்காம் வைஃபை சிப் சிலவற்றுக்கு டிரைவரை, அதாவது அந்தச் சாதனத்தை ஓஎஸ் இயக்க உதவும் மென்பொருளை, தனியாகப் போட்டால்தான் வேலை செய்யும் என்பது ஊரறிந்த விஷயம். கைரேகை சென்சார்கள் பலவற்றுக்கு இன்றைக்கும் சரியான டிரைவர் கிடையாது. புதிய லேப்டாப்புகள் சிலவற்றில் வரும் இன்டெல் ஐபியு6 வகைக் கேமராவுக்கான அடிப்படை டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.10 பதிப்பில்தான் உள்ளே வந்தது, அதுவரை வாங்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. லினக்ஸின் இந்தக் குறைகள் எல்லாம் நிஜம். அந்த நிஜத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம் என்பதுதான் இந்த வியாபாரம்.

டிரைவர் இல்லாமல் இருப்பதும் சாதனமே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ (lspci -k) என்ற கட்டளையை அடித்தால், மதர்போர்டின் பிசிஐ இணைப்பில் என்னென்ன மாட்டியிருக்கிறதோ அதெல்லாம் வரிசையாக வரும். டிரைவர் இருக்கிறதா இல்லையா என்று இந்தப் பட்டியல் பார்க்காது. டிரைவர் இல்லாத வைஃபை கார்டும் அதில் பெயரோடு நிற்கும். எந்த டிரைவர் இயங்குகிறது என்று காட்டும் வரி மட்டும் இருக்காது. லேப்டாப் கேமரா பெரும்பாலும் யுஎஸ்பி வழியாக இருப்பதால் அதற்கு எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளை. நாங்கள் வாங்கிய மெஷினில் முதல் பட்டியலில் வைஃபை கார்டு இல்லை, இரண்டாவதில் கேமராவும் இல்லை. சாதனமே கண்ணில் படாதபோது உலகத்தில் எந்த டிரைவரும் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் போட்டாலும் அதே கதைதான்.

பின் மூடியைக் கழற்றினேன். வைஃபை கார்டு அழகாக மாட்டியிருந்தது, ஆன்டெனா வயர் இரண்டும் சரியாகச் செருகியிருந்தன. அப்போதே சந்தேகம் பயாஸ் பக்கம், அதாவது ஓஎஸ்ஸுக்கு முன்பே எழும்பி ஹார்ட்வேரைக் கட்டுப்படுத்தும் மதர்போர்டு மென்பொருள் பக்கம் போனது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் போட்ட பென்டிரைவை வைத்து பூட் செய்து (அதிலிருந்து மெஷினைக் கிளப்பி) பார்த்தால், அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக உபுண்டுவுக்குள் போய் நின்றது. பயாஸுக்குள் போனால் எல்லா அமைப்பும் சாம்பல் நிறத்தில், அடியில் ஒரு பூட்டுப் படம், மாற்ற வேண்டுமென்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. பார்க்க மட்டும் விட்டது. வயர்லெஸ்: முடக்கம். கேமரா: முடக்கம். யுஎஸ்பி பூட்: முடக்கம். அசெட் டேக் என்ற இடத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் சொத்து எண். லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கர் உரித்த பசைத்தடம் எதற்கு என்று அப்போது புரிந்தது.

முன்பு பயன்படுத்திய நிறுவனம் பாதுகாப்புக்காக வைஃபையையும் கேமராவையும் பயாஸிலேயே அணைத்துப் பூட்டி வைத்திருக்கிறது. வங்கி, கால் சென்டர் மாதிரி இடங்களில் இப்படிச் செய்வது சாதாரணம். விற்கும்போது பாஸ்வேர்டை எடுத்துவிட்டுக் கொடுக்கவில்லை. கடைக்காரருக்கு அது தெரிந்தே இருந்தது.

தெரிந்தே இருந்தது என்று எப்படி அடித்துச் சொல்கிறேன்? யுஎஸ்பி பூட் வசதியே அணைந்திருக்கும் மெஷினில் இவர்கள் உபுண்டுவை எப்படிப் போட்டார்கள் என்ற கேள்வி உறுத்தியது. உபுண்டு ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் நடப்பதையெல்லாம் ஜர்னல் என்ற பதிவில் எழுதி வைக்கும், அணைத்தாலும் அழியாது. ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில் பழைய பூட் பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். கெர்னல் எழும்பும்போது எழுதும் முதல் சில வரிகளில், டிஎம்ஐ (DMI) என்று தொடங்கும் வரியில், மெஷினின் மாடலும் பயாஸ் தேதியும் இருக்கும். முதல் பூட் பதிவில் இருந்த மாடல் எங்களுடையதே இல்லை, வேறு பிராண்டு. எஸ்எஸ்டியை இன்னொரு லேப்டாப்பில் மாட்டி, அங்கே உபுண்டு போட்டு, பிறகு இதில் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள்.

அதைவிட ருசியான வரிகள் நாங்கள் வாங்கிய அன்றைய பதிவில் இருந்தன. ஆன் ஆனதுமே ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு வரி. கடையில் பாட்டு ஓடியது அந்த டாங்கிள் வழியாகத்தான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும் அது, சுவர்ப் பக்கம் உள்ள போர்ட்டில் செருகியிருந்தால் யார் கண்ணிலும் படாது. பிறகு அதே சாதனம் பிடுங்கப்பட்டதாக இன்னொரு வரி. அதன் நேரத்தை யுபிஐ ரசீதோடு ஒப்பிட்டேன். பணம் போன நாலாவது நிமிஷம். துடைக்க எடுத்துப்போனது எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஓனர் கொஞ்சமும் அசரவில்லை. “டாங்கிள் இருந்துச்சுன்னா என்ன சார்? நெட் வந்துச்சா இல்லையா?” என்றார். சரி, அந்த டாங்கிளையே சும்மா தந்துவிடுகிறேன், 350 ரூபாய் பொருள் என்று பெருந்தன்மை காட்டினார். அப்புறம் பயாஸ் சிப்பை ரீபிளாஷ் செய்து (அழித்துத் திரும்ப எழுதி) பாஸ்வேர்டை எடுத்துத் தருவதாகவும், அதற்கு 1,800 ஆகும் என்றும் சொன்னார். தெருவில் அந்த வேலையைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சிப்பில் கிளிப்பை மாட்டி எழுதும்போது ஏதாவது பிசகினால் மதர்போர்டு போய்விடும். சில தயாரிப்பாளர்கள் இந்த பாஸ்வேர்டை மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றுதான் அதிகாரப்பூர்வமாகச் சொல்கிறார்கள். அதைவிட முக்கியம், இன்னொரு நிறுவனத்தின் சொத்து எண்ணும் பூட்டும் உள்ள மெஷினை அவர்களிடமிருந்து முறையாக வாங்கியதற்கு ஒரு கடிதமாவது காட்டச் சொன்னேன். “லாட்ல வந்தது சார், அதெல்லாம் யாரு குடுப்பா” என்றார். கடைப் பையன் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேறு வைஃபை கார்டு வாங்கிப் போடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். இணைப்பே பயாஸில் அணைந்திருக்கும்போது எந்தக் கார்டைப் போட்டாலும் கிடைக்கப்போவது அதே வெறும் பட்டியல்தான். அதோடு பழைய திங்க்பேட் போன்ற சிலவற்றில் தயாரிப்பாளர் அனுமதித்த கார்டு அல்லாததைப் போட்டால் 1802 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கையைக் காட்டி பூட் ஆகாமலே நின்றுவிடும். அது தனிச் சள்ளை.

சட்டம் இதில் நம் பக்கம்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை எது என்று விளக்கும் 2(47) பிரிவில், பில் தராமல் இருப்பதும் வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். வாட்ஸ்அப் விளம்பரம், யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, ஜர்னல் வரிகள், பயாஸ் திரையின் போட்டோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். வழிக்கு வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். புகார் போனதும் ஓனரிடமிருந்து போன் வந்தது, “வேற பீஸ் மாத்தித் தர்றேன், எதுக்கு சார் இதெல்லாம்” என்று. பணம்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: உங்கள் பென்டிரைவை நீங்களே கொண்டுபோங்கள். உபுண்டு, மின்ட், டெபியன், எதன் லைவ் பதிப்பாக (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் பதிப்பாக) இருந்தாலும் சரி. டெபியன் என்றால் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருள்) இல்லை என்ற பழைய சாக்கும் இப்போது செல்லாது; 2022-இல் டெபியன்காரர்கள் வாக்கெடுத்து முடிவு செய்தபடி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை ஃபர்ம்வேர்கள் அதிகாரப்பூர்வ இமேஜிலேயே வருகின்றன. அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யச் சொல்லுங்கள். “அதெல்லாம் வேணாம் சார், நாங்க போட்டதே சூப்பரா ஓடுது” என்று கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பூட் ஆனால், நாலு பக்கமும் தடவிப் பார்த்து எந்த போர்ட்டிலும் உங்கள் பென்டிரைவைத் தவிர எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வைஃபையைப் பிடியுங்கள். கேமரா ஆப் இல்லையென்றால் பிரவுசரில் ஒரு வீடியோ காலைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

பயாஸுக்குள் போய் ஏதாவது ஒன்றை, பூட் வரிசையாவது, மாற்றிச் சேமித்துப் பாருங்கள். வைஃபையும் கேமராவும் வேலை செய்தாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். சில மெஷின்களில் எஸ்எஸ்டி, பயாஸில் ரெய்டு (RAID) என்ற டிஸ்க் அமைப்பில் இருக்கும். லினக்ஸ் நிறுவப் போனால் டிஸ்க்கே இல்லை என்று வரும். அந்த மாதிரி நேரத்தில் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ (AHCI) என்ற சாதாரண அமைப்புக்கு மாற்று என்று கெர்னலே எழுதி வைத்திருக்கும். திறந்த பயாஸில் அது ஒரு நிமிஷ வேலை, பூட்டிய பயாஸில் நடக்காது. கையெழுத்திடாத மென்பொருளை பூட் ஆகவிடாத செக்யூர் பூட் என்ற அமைப்பை அணைக்க வேண்டி வந்தாலும் அதே முட்டுச்சந்துதான்.

இதே மாதிரி மெஷினை ஏற்கெனவே வாங்கி “லினக்ஸ்ல அப்படித்தான்” என்ற பதிலைக் கேட்டவர்கள், கோபத்தில் உடனே வேறு ஓஎஸ் போட்டுவிட வேண்டாம். /var/log/journal ஃபோல்டரை முதலில் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மேட் செய்தால் கடையில் நடந்ததற்கான சாட்சி அதோடு போய்விடும்.