விண்டோஸ், மேக், லினக்ஸ்: 9 ஆண்டுகளாக ஸ்கிரிப்டுகளை இடம் மாற்றிய அனுபவம்

பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் பிரதிகளைத் தேடிப் படிக்க உதவும் சிறிய இணையதளம் ஒன்றை 9 ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பெர்ல் மொழியில் எழுதிய சில சிஜிஐ ஸ்கிரிப்டுகள் (சர்வரில் ஓடி வலைப்பக்கத்தை உருவாக்கும் சிறு நிரல்கள்), பிஎச்பி பக்கங்கள், ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஆகியவைதான் அதில் உள்ளன. எழுதுவது விண்டோஸ் கணினியில். ஓடுவது லினக்ஸ் சர்வரில், அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளின் கீழ். நடுவில் இரண்டு ஆண்டுகள் பழைய மேக் ஒன்றிலும் வேலை செய்தேன். இத்தனை முறை இடம் மாற்றியதில், நிரலின் தர்க்கம் தவறி நின்றதைவிட, கண்ணுக்குத் தெரியாத பைட்டுகளும் கோப்புப் பெயர்களும் காலை வாரியதே அதிகம்.

முதல் நாளே, சர்வருக்குள் ஏதோ தவறு என்று மட்டும் சொல்லும் 500 பிழை வந்தது. விண்டோஸில் ஒழுங்காக ஓடிய பெர்ல் ஸ்கிரிப்டைச் சர்வரில் நேரடியாக இயக்கிப் பார்த்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது; கோப்போ கண்ணெதிரே இருந்தது. கோப்பை இயக்கும் அனுமதியை 755 என்று சரியாகவே கொடுத்திருந்தேன், பெர்லும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. பாதி இரவு தேடிய பிறகு, மறைந்த எழுத்துகளையும் காட்டும்படி கோப்பைத் திறந்தபோது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ^எம் என்ற குறி தெரிந்தது. விண்டோஸ் ஒரு வரியை 13, 10 என்ற இரண்டு பைட்டுகளால் முடிக்கிறது. லினக்ஸுக்கு 10 மட்டுமே வரிமுடிவு. மிஞ்சிய 13ஐ ஸ்கிரிப்டை இயக்கும் நிரல் எங்கே என்று சொல்லும் முதல் வரியான ஷெபாங் வரியிலுள்ள பாதையின் பகுதியாக எடுத்துக்கொண்ட லினக்ஸ், வாலில் அந்த பைட் ஒட்டிய ஒரு பெர்லைத் தேடியிருக்கிறது.

கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் எஃப்டிபியில், ஆஸ்கி என்ற உரை முறையில் அனுப்பினால் வரிமுடிவு தானாக மாறிவிடும் என்றார்கள். மாறியது, ஆனால் அதே முறையில் போன படங்கள் அத்தனையும் பாழாயின. வரிமுடிவை மாற்றித் தரும் டாஸ்டுயூனிக்ஸ் கருவி அன்றைக்குக் கைகொடுத்தது. நிலையான தீர்வு என்று நான் நம்புவது, எல்லா உரைக் கோப்புகளுக்கும் லினக்ஸ் வரிமுடிவே வேண்டும் என்று நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதிவைப்பதைத்தான்.

கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் இயல்பாக ஒன்றாகவே பார்க்கும், லினக்ஸ் வேறாகப் பார்க்கும் என்ற சிக்கல் பலரும் அறிந்தது. அது கோப்புகளோடு நிற்பதில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் இயல்பாக அட்டவணைப் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கியே சேமிக்கிறது. அதை அப்படியே லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைக் கேட்கும் பழைய வினவல்கள் எல்லாம் அட்டவணை இல்லை என்று திரும்பிவிடும்.

என்னை மிகவும் வருத்தியது தமிழிலேயே வைத்த கோப்புப் பெயர்கள். மேக்கிலிருந்து ஏற்றிய ‘பொங்கல் மலர்’ திறக்கவில்லை. ‘சித்திரை மலர்’ திறந்தது. பட்டியலில் பெயர் சரியாகவே தெரிந்தது. காரணம் ‘பொ’வில் இருந்தது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பிரித்தே சேமிக்கும். என் தரவுத்தளத்தில் இருந்ததோ சேர்ந்த வடிவம். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் பிரித்த ஒகரக் குறி 6 பைட், சேர்ந்தது 3 பைட். பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும் லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் வரும் பெயர்கள் எல்லாம் இப்படியே மாட்டிக்கொண்டிருந்தன. தமிழில் பெயர் வைக்கவேண்டும் என்ற ஆசையில் செய்த வேலை, அந்த இதழ்களையே வாசகர் கைக்கு எட்டாமல் செய்திருந்தது.

கன்வ்எம்வி கருவியால் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினேன். புதிய கோப்புகளுக்கு இப்போது ஆண்டும் இதழ் எண்ணும் மட்டுமே பெயர். தமிழ்த் தலைப்பு தரவுத்தளத்தில் இருக்கிறது. பழைய முகவரிகளைக் குறித்துவைத்திருப்பவர்களுக்காக, வரும் கோரிக்கையை முதலில், பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் பிஎச்பியின் நார்மலைசர் வழியாகச் செலுத்தி, அதன் பிறகே கோப்பைத் தேடுகிறேன்.