மண் சுரண்ட ஒரு கரணை: மார்ஷல்டவுன் 5 அங்குலம், ஒரு சீசன் கழித்து

தொல்லியல் படிக்கிற ஜூனியர்கள் குழிக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கரணை வாங்கலாம்? போன சீசனில் கீழடித் தொகுப்பில் ஒரு குழியில் ஐந்து மாதம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், மூன்று கரணை மாற்றியிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, ஹார்டுவேர் கடையில் 140 ரூபாய்க்கு வாங்கிய கொத்தனார் கரணை. அது பூச்சு வேலைக்கென்று செய்தது, தகடு மெல்லிசு, அழுத்தினால் வளைந்து கொடுக்கும். சிமெண்டைத் தேய்க்க அந்த வளைவு வேண்டும்தான். ஆனால் காய்ந்து இறுகிய களிமண்ணைச் சுரண்டும்போது தகடு ஒரு நொடி வளைந்து நிற்கும், அப்புறம் சட்டென்று விடும், விட்ட வேகத்தில் விரல் கனத்துக்கு மண் பெயர்ந்து வந்துவிடும். அப்படி விட்டதில்தான் பழைய பானையின் விளிம்பு ஓடு ஒன்று என் கையாலேயே இரண்டாகப் போனது. பழைய உடைசல் மண்ணேறி மங்கிக் கிடக்கும், புது உடைசல் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இரண்டாவதாக ஆன்லைனில் வாங்கிய ஒன்று, பெயர் வேண்டாம், பற்றவைத்த கழுத்து மூன்றாவது வாரமே விட்டுப்போனது.

மூன்றாவதுதான் இது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த சித்தி மகனிடம் சொல்லி வாங்கிவரச் செய்தேன். அங்கே அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்றே ஒரு ஊர் இருக்கிறது, கம்பெனிக்கும் அதே பெயர். செங்கல் இடுக்கில் சாந்து அடைக்கச் செய்த சின்னக் கரணை, அந்த நாட்டுத் தொல்லியல்காரர்கள் ரொம்ப காலமாக இதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். தகடும் கழுத்தும் ஒரே இரும்பில் அடித்தது, பற்றுவைப்பே கிடையாது. அழுத்தினாலும் தகடு வளையாது. வளையாததால் மண்ணில் நடப்பதெல்லாம் நேராக விரலுக்கு வந்து சேர்கிறது. என்னைக் கேட்டால் இது ஒன்றுக்காகவே வாங்கலாம்.

ஒரு மத்தியானம் நடந்ததைச் சொன்னால் புரியும். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, ஓரத்து மண் சுவரை ஒட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அதுவரை சரசரவென்று வந்த மண் ஓரிடத்தில் லேசாகக் 'கிர்' என்றது. பக்கத்தில் களைக்கொத்தோடு இருந்த அக்கா, அந்த ஊர்க்காரர், பல சீசன் பார்த்தவர், "தம்பி, நிப்பாட்டுங்க, சத்தம் மாறுது" என்றார். கரணையைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் மூங்கில் குச்சியும் பிரஷ்ஷும்தான். முதலில் நகம் அளவுக்கு ஒரு கருப்பு வளைவு, அது நீண்டு விளிம்பானது, விளிம்புக்கு வெளியே கொஞ்சம் கீழே கருப்பு மெல்ல மங்கிச் சிவப்பாக மாறுகிற இடம் தெரிந்தது. கருப்பு சிவப்புக் கிண்ணம்! சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கத்துக்கும் விளிம்புக்கும் காற்று கிடைக்காமல் கருத்துப்போகும், வெளிப்பக்கம் சிவக்கும் என்பதைப் படித்திருக்கிறேன். அந்த இரண்டு நிறமும் சேர்கிற கோட்டை ஈர மண்ணில் என் விரலுக்குக் கீழே பார்ப்பது வேறு. வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது, கால் பங்கு விளிம்பு இல்லை, மற்றதெல்லாம் இருந்தது.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிதான் கி.மு. 580 என்று காலம் காட்டியது. எந்த ஆழம், எந்த அடுக்கு என்பது குழம்பினால் பானை ஓட்டுக்கு மதிப்பே இல்லை. அதனால்தான் தோண்டாமல் சீவுகிறோம், சீவுவதற்கு விறைப்பான, நேரான விளிம்பு வேண்டும். இந்தக் கரணையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தன் பக்கமாக இழுத்தால் தாள் கனத்துக்கு மண் வரும், அடுக்கு மாறுகிற இடத்தில் நிறம் சுத்தமாகத் தெரியும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஓட்டின் முகத்தில் இரும்பை வைக்காதீர்கள். குவிரன், ஆதன் என்றெல்லாம் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்த மண் அது. 2018 சீசனில் மட்டும் எழுத்துள்ள ஓடுகள் 56. அந்தக் கீறல்கள் முடி கனம்தான், கரணை ஒரு கோடு போட்டுவிட்டால் எழுத்தே வேறாகிவிடும்.

வாங்கியதும் முனையை அரம் போட்டுக் கொஞ்சம் மழுக்கிக்கொள்ளுங்கள், பக்க விளிம்பைத் தீட்டிக்கொள்ளுங்கள், எல்லாரும் செய்வதுதான். நம்ம ஊர் வெயிலில் மரப்பிடி வியர்வைக்கு வழுக்கும், சைக்கிள் கைப்பிடி டேப் சுற்றியதும் சரியாகிவிட்டது. சாயங்காலம் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன், துரு ஏறவில்லை. சீசன் முடிவில் தகடு ஒரு பக்கம் நூல் அளவு தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்து அங்குலம் சீவுவதற்கு நல்ல அளவு. சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணற்றுக்குள் இறங்கினால் பெரிசு, அங்கே மணிக்கட்டு திரும்பவே இடமிருக்காது. அதற்கு நாலு அங்குலம் வேண்டும், இங்கிலாந்தில் டபிள்யூ.எச்.எஸ். என்ற பிராண்டின் நாலு அங்குலக் கரணைதான் புழக்கம் என்கிறார்கள், நான் பிடித்துப் பார்த்ததில்லை. அதைவிட, அக்காவின் களைக்கொத்தை அடித்துக்கொடுத்த மாதிரி ஒரு நல்ல பட்டறையில் வில்பட்டா இரும்பில் அடித்து வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. மதுரைப் பக்கம் அப்படி அடித்துத் தருகிறவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், தை பிறந்ததும் திரும்பக் குழிக்குப் போக வேண்டும்.