வால் வீசும் காரைப் பிடிக்க எந்த வீல்: கியரா, பெல்ட்டா, டைரக்ட் டிரைவா?

ஐரேஸிங் என்கிற கணினி கார் ரேஸ் சிமுலேட்டரில் கணக்குத் தொடங்கியதும் கைக்கு வரும் கார்களில் ஒன்று மஸ்தா எம்எக்ஸ்-5 கப். என்ஜின் முன்னால், இயக்கம் பின்சக்கரத்தில், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. பார்த்தால் சாதுவான கார். ஆனாலும் புதிதாக வருபவர்களில் பலர் முதல் பத்துச் சுற்றுக்குள் அதைப் பம்பரமாகச் சுற்றவிட்டு, "நல்ல வீல் வாங்கினால் இது சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. வீல் என்று சொல்வது கணினியோடு இணைக்கும் ஸ்டீயரிங்கை; அதன் மோட்டாரின் விசை பற்சக்கரம் வழியாகக் கைக்கு வந்தால் கியர், பட்டை வழியாக வந்தால் பெல்ட், நேராக வந்தால் டைரக்ட் டிரைவ். கியர் வீலில் மூன்று வருடம், நண்பர் ஒருவரின் பெல்ட் வீலில் பல வார இறுதிகள், இப்போது ஒன்றரை வருடமாக டைரக்ட் டிரைவ் என்று மூன்றிலும் இதே காரை ஓட்டிப் பார்த்தவன் என்கிற முறையில், மீதிப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லப் பார்க்கிறேன்.

வீலுக்கு முன் காலைப் பற்றிக் கொஞ்சம். இன்று நம்மில் பெரும்பாலோர் கார் பழகியது ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில்தான். அம்பாசடரிலும் ஆம்னியிலும் சுமோவிலும் பழகியவர்கள் முந்தைய தலைமுறையினர். முன்சக்கரக் கார் வளைவில் அகன்று போனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம், மூக்கு உள்ளே திரும்புகிறது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய் இருக்கிறது. பின்சக்கரக் காரின் வால், அதாவது பின்பகுதி, வெளியே வழுக்கிப் போகத் தொடங்கும் நேரத்தில் அதே மாதிரி காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னால் பாய்கிறது, பின் டயர்களின் மேலிருந்த அழுத்தம் குறைகிறது, இருந்த கொஞ்சப் பிடியும் போய்விடுகிறது. பாதிச் சுழல்கள் இப்படி வருபவை. காலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முழுவதும் எடுக்கக் கூடாது. இதை எந்த வீலும் நமக்காகச் செய்துதராது.

சரி, வீல் செய்வது என்ன? ஆபீஸ் நாற்காலியின் அடியில் இருக்கும் சின்னச் சக்கரங்களைப் பாருங்கள். நாற்காலியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அவை தாமாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். காரின் முன்சக்கரங்களும் அப்படித்தான். சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயரின் பிடி வேலை செய்கிறது. அதனால் கார் உண்மையில் எந்தத் திசையில் நகர்கிறதோ, அந்தத் திசையைப் பார்க்கவே முன்சக்கரங்கள் விரும்பும். வால் வலப்பக்கம் வீசினால் ஸ்டீயரிங் தானாகவே வலப்பக்கம் ஓடப் பார்க்கும். கவுன்டர் ஸ்டீர் என்று நாம் பெயர் வைத்திருக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கார் தானே செய்கிறது. நம் கை அதை ஓடவிட்டு, ஓடியது போதும் என்கிற இடத்தில் பிடித்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. டயர் தன் பிடியின் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே, ஸ்டீயரிங்கில் வரும் கனம் குறையத் தொடங்கிவிடும். விளிம்பு வருகிறது என்பதற்கான முன்னறிவிப்பு அது. நிஜக் காரில் இடுப்பும் முதுகும் உணர்வதைச் சிமுலேட்டரில் கண்ணும் கையும் மட்டுமே உணர வேண்டும். ஆக, எந்த வீலானாலும் நான் கேட்பது இரண்டு கேள்விகள்தான். அந்தக் கனம் குறைவது தெளிவாக வருகிறதா? கார் ஓடச் சொல்லும் வேகத்தில் வீல் ஓடுகிறதா?

ஒப்பிட ஒரே இடம் வேண்டும் என்று லகுனா செகா ரேஸ் பாதையின் கடைசி வளைவை எடுத்துக்கொண்டேன். ஐரேஸிங்கிலும் இருக்கிறது, அசெட்டோ கோர்ஸா என்கிற இன்னொரு சிமுலேட்டரிலும் இருக்கிறது. மெதுவான இடப்பக்க வளைவு. வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தால் வால் வலப்பக்கம் கிளம்பும்.

கியர் வீல் வகைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் லாஜிடெக் ஜி29. 2015இல் வந்தது, 900 டிகிரி சுற்றும், வீலைத் திருப்பும் விசை, அதன் அலகான நியூட்டன் மீட்டரில், 2க்குச் சற்று மேல். இந்த வகையின் பலவீனம் என்றால் எல்லோரும் விசைக் குறைவைத்தான் சொல்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. எம்எக்ஸ்-5க்கு இரண்டு நியூட்டன் மீட்டரே நிறையச் சொல்லும். உண்மையான குறை நடுவில் இருக்கிறது. பற்களுக்கிடையே இருக்கும் இடைவெளியாலும் உராய்வாலும், மிகச் சிறிய விசைகள் மோட்டாரிலிருந்து கைக்கு வருவதற்குள் கரைந்துவிடும். வீல் நேராக இருக்கும் இடத்தில் ஒரு செத்த பகுதி.

அந்தச் செத்த பகுதி நேர்ப்பாதையில் தொந்தரவு செய்வதில்லை. வால் வீசும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் திருப்பி வைத்திருந்த வீல், நடுவைக் கடந்து வலப்பக்கம் ஓட வேண்டும். பிடி திரும்பியதும் மறுபடி நடுவைக் கடந்து வர வேண்டும். ஆக, தகவல் மிக அவசரமாகத் தேவைப்படும் கணத்தில்தான் கியர் வீல் மௌனமாகிறது. முதல் வீச்சைப் பிடித்துவிட்டு, வால் எதிர்ப்பக்கம் திரும்பி அடிக்கும் இரண்டாவது வீச்சில் சுற்றிப்போகும் அனுபவம் கியர் வீல்காரர்களுக்கு அதிகம் வருவதற்கு இதுதான் காரணம் என்பது என் முடிவு. வேகம் போதாமையும் இதோடு சேர்கிறது. வீல் தானாக ஓடுவது மெதுவாக இருப்பதால் கையால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. கை தள்ள வேண்டுமென்றால் கண் முதலில் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் தாமதமாகிவிடும்.

இதற்கு மருந்து உண்டு. மிகச் சிறிய விசையையும் கைக்குத் தெரியும் அளவுக்கு உயர்த்தித் தரும், குறைந்தபட்ச விசை என்கிற ஓர் அமைப்பு இரண்டு சிமுலேட்டர்களிலும் இருக்கிறது. வீலை நேராக வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டே அதைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். வீல் நடுவில் தானாகவே நடுங்கத் தொடங்கும் புள்ளி வரும். அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். அசெட்டோ கோர்ஸாவில் இன்னும் நுணுக்கமாக, வீல்செக் என்கிற சின்ன மென்பொருளால் உங்கள் மோட்டார் எந்த உத்தரவுக்கு எவ்வளவு விசை தருகிறது என்று அளந்து, திருத்த அட்டவணை ஒன்றைத் தயாரித்துப் போடலாம். அரை மணி நேர வேலை. அதைச் செய்த அன்று என் பழைய வீலில் எம்எக்ஸ்-5 வேறு காராகிவிட்டது போல இருந்தது, அவ்வளவு மாற்றம். அப்புறம் டேம்பிங்கை, அதாவது வீலின் ஓட்டத்தைத் தடுத்து மெதுவாக்கும் அமைப்பை, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கனவே உராய்வு இருக்கும் வீலுக்கு மேலும் பிரேக் போட வேண்டியதில்லை.

வீல் மெதுவாக ஓடுகிறது என்று சிலர் சுழற்சியை 900இலிருந்து 540 டிகிரிக்குக் குறைப்பார்கள். கவுன்டர் ஸ்டீர் கைக்கு எளிதாகும் என்பது உண்மை. ஆனால் கையின் சின்ன அசைவுக்குக் கார் அதிகமாகத் திரும்பும், நடுவின் செத்த பகுதியும் சக்கரத்தின் கணக்கில் இன்னும் அகலமாகும். வேண்டுமென்றே வாலை வழுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் மட்டுமே ஓட்டுபவர்கள் செய்யட்டும். ரேஸுக்கு நான் 900இலேயே விட்டுவிடுவேன்.

பெல்ட் வகையில் த்ரஸ்ட்மாஸ்டர் டி300 தெரிந்த பெயர். 1080 டிகிரி, 4 நியூட்டன் மீட்டருக்கு அருகில். பற்கள் இல்லாததால் கடகடப்பு இல்லை, நடுவிலும் தகவல் வருகிறது. இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஓட்டுபவர்களுக்குச் சத்தமின்மையே பெரிய விஷயம். லகுனா செகாவில் இரண்டாவது வீச்சை முதன்முதலாக நம்பிக்கையோடு பிடித்தது நண்பரின் பெல்ட் வீலில்தான். கையிலிருந்து வீல் வழுக்கி ஓடுவதையும் திரும்பி வருவதையும் தொடர்ச்சியாக உணர முடிந்தது. குறை என்றால், எல்லாமே ஒரு மெல்லிய ரப்பர் உறைக்குள்ளிருந்து வருவது போன்ற மழுக்கம். டயர் பிடி விட்டது தெரியும், எந்தக் கணத்தில் விட்டது என்பது தெரியாது. நீண்ட ரேஸில் மோட்டார் சூடேறி விசை தளர்வதையும் பார்த்தோம். சுற்றுக்குச் சுற்று கனம் மாறினால் விளிம்பை அளக்கும் அளவுகோலே மாறிவிடுகிறது. இவ்வகை வீலில் விசையை முழுவதும் ஏற்றாமல் 70, 75 சதவீதத்தில் ஓட்டுவது நல்லது.

டைரக்ட் டிரைவில் வீல் நேராக மோட்டாரின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. இடையில் பல்லும் இல்லை, பட்டையும் இல்லை. ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர், மோசா ஆர்5 5.5. ஒரு காலத்தில் பெரும் செலவாளிகளுக்கு மட்டும் என்றிருந்த இந்த வகை, 2021க்குப் பிறகு நடுத்தர விலைக்கு இறங்கியது. இங்கே வித்தியாசம் பலத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வாங்கினேன். இருந்தது வேகத்தில். வால் கிளம்பியதைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே வீல் வலப்பக்கம் புறப்பட்டுவிடுகிறது. பிடியைத் தளர்த்தினால் போதும், தானே போய் நிற்கிறது. கண்ணால் ஓட்டிக்கொண்டிருந்தவன் கையால் ஓட்டத் தொடங்கினேன்.

ஆனால் இதே வீலைத் தவறாக வைத்தால் கியர் வீலைவிட மோசமாகும். முதல் வாரம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: வீலின் விசை முழுவதும், சிமுலேட்டர் அனுப்பும் விசையின் அளவான கெயினும் முழுவதும். தோள் வலித்தது, நேரம் குறையவில்லை. மோட்டாரால் தர முடிந்த உச்சத்தைவிட அதிகமாகச் சிமுலேட்டர் கேட்கும்போது மேல்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. இதைக் கிளிப்பிங் என்கிறோம். வேகமான வளைவில் கனம் 100இலிருந்து 90க்கு இறங்குவதுதான் டயரின் முன்னறிவிப்பு. கேட்பது 120 ஆக இருந்தால், அது 108க்கு இறங்கினாலும் கைக்கு வருவது அதே 100. பணம் கொடுத்து வாங்கிய தகவலை நாமே அடைத்துவிடுகிறோம்.

இதைச் சரிசெய்வதில் இரண்டு சிமுலேட்டர்களும் வேறுவேறு வழியில் போகின்றன. ஐரேஸிங்கில் வீலின் உச்ச விசையை நியூட்டன் மீட்டரிலேயே சொல்லிவிட்டு, சில சுற்றுகள் சுத்தமாக ஓட்டியபின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் அந்தக் காருக்கு, அந்தப் பாதைக்கு ஏற்ற அளவை அதுவே கணக்கிடுகிறது. புதியவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அசெட்டோ கோர்ஸாவில் நாமேதான் பார்க்க வேண்டும். பெடல் அழுத்தங்களைத் திரையில் காட்டும் பெடல் ஆப்பில் நான்காவதாக இருக்கும் விசைப் பட்டை சிவப்பாவதைக் கவனித்து, காருக்குக் கார் கெயினைக் குறைக்க வேண்டும். கெர்ப் (பாதையோர மேடு), சாலை, வழுக்கல் என்று கூடுதல் அதிர்வுகள் தரும் அமைப்புகளை நான் பூஜ்யமாக்கிவிடுவேன். ஸ்டீயரிங் அமைப்பிலிருந்து வரும் உண்மையான விசையின் மேல் ஒட்டப்படுபவை அவை. அதிலும் வழுக்கல் அதிர்வு, நான் காத்திருக்கும் அந்தக் கனக்குறைவையே மூடி மறைக்கிறது. கியர் வீல்காரர்கள் வேண்டுமானால் சாலை அதிர்வைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

டைரக்ட் டிரைவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. டேம்பிங்கை முற்றிலும் பூஜ்யமாக்கினால், நேர்ப்பாதையில் கையை லேசாக வைத்ததும் வீல் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் டேம்பிங் சேருங்கள். அதற்கு மேல் போனால், பணம் கொடுத்து வாங்கிய வேகத்தையே திருப்பிக் கொடுப்பதாகும்.

எதை வாங்குவது? ஏற்கனவே கியர் வீல் இருந்தால், குறைந்தபட்ச விசையைச் சரிசெய்து ஒரு மாதம் ஓட்டாமல் பணத்தை எடுக்காதீர்கள். எம்எக்ஸ்-5இல் இரண்டாவது வீச்சைப் பத்துக்கு ஏழு முறை பிடிக்க அதுவே போதும். அதற்கு மேல் போகும்போது நேராக 5 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவுக்குப் போகலாம். இன்று புதிதாகப் பெல்ட் வீல் வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பழையது நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். என்ஜின் பின்னால் தொங்கும் போர்ஷே 911 ஓட்டுவதுதான் ஆசை என்றால் டைரக்ட் டிரைவுக்கு இன்னும் அழுத்தமாக ஓட்டுப் போடுவேன். அதன் வால் கிளம்ப நேரம் எடுக்கும், கிளம்பிய பின் கனத்தோடு வரும். முதல் கணத்திலேயே தெரிந்தால்தான் உண்டு.

நான் இப்போது என் வீலின் 5.5 நியூட்டன் மீட்டரில் 4க்குச் சற்று மேலே வைத்து ஓட்டுகிறேன். காய்ந்த பாதையில் மூன்று வகைக்கும் இடையே இருக்கும் தூரத்தை நல்ல அமைப்பால் ஓரளவு குறைத்துவிடலாம். 2024 மார்ச்சில் ஐரேஸிங்கில் மழை வந்த பிறகுதான் குறைக்க முடியாத தூரம் தெரிந்தது. ஈரத்தில் டயர் தரும் விசைகளே சின்னவை, எல்லாம் நடுவை ஒட்டியே நடக்கின்றன. வால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறது. பழைய கியர் வீலை எடுத்து மாட்டி மழையில் பத்துச் சுற்று ஓட்டிப் பார்த்தேன். நான்கு முறை சுற்றினேன், ஒருமுறைகூடக் கையில் எந்த அறிகுறியும் வரவில்லை.